சானடோரியத்திலிருந்து வீட்டுத் திண்ணைக்கு: காசநோய் வைத்தியத்தை மாற்றிய மெட்ராஸ் ஆய்வு

பீச்சிலிருந்து தாம்பரம் லோக்கலில் போனவர்களுக்குத் தெரியும். குரோம்பேட்டை தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் "தாம்பரம் சானடோரியம்". தினமும் ஆயிரக்கணக்கில் மக்கள் ஏறி இறங்குகிறார்கள். சானடோரியம்னா என்னன்னு கேட்டா பாதிப் பேர் அது ஏதோ ஏரியா பேருன்னுதான் சொல்வாங்க.

அது ஒரு வைத்திய முறையின் பெயர். அந்த வைத்திய முறை உலகம் முழுக்க வழக்கொழிந்து போனதற்கு, அந்த ஸ்டேஷனிலிருந்து சில மைல் தள்ளி இருக்கிற சேத்துப்பட்டில் நடந்த ஒரு ஆய்வு முக்கியக் காரணம். அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

முதலில் சானடோரியம்.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் ஒன்று இருந்தது. ராபர்ட் காக் 1882-லேயே கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதைக் கொல்லும் மருந்து வர அறுபது வருஷத்துக்கு மேல் ஆனது. இடைப்பட்ட காலத்தில் டாக்டர்கள் கையில் இருந்தது மூன்றே விஷயம்: நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. இது மூன்றையும் ஒரே இடத்தில் தருவதற்காக ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே கட்டிய ஆஸ்பத்திரிதான் சானடோரியம். நோயாளி அங்கே மாதக்கணக்கில், சமயத்தில் வருஷக்கணக்கில் இருப்பார்.

தாம்பரத்தில் அதை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்தில் உடம்பு முடியாமல் கிடந்தபோது, 1917-ல் கொஞ்ச காலம் அங்கே நோயாளியாக இருந்திருக்கிறார். (ராமானுஜனுக்கு வந்தது காசநோயே இல்லை, ஈரலைத் தாக்கிய அமீபா தொற்றாக இருக்கலாம் என்று பின்னாளில் சில மருத்துவர்கள் வாதிட்டார்கள். அது தனி இழைக்கான விஷயம், இன்னொரு நாள் பேசுவோம்.)

சானடோரியத்தால் பலன் இருந்ததா? சிலர் பிழைத்தார்கள். ஆனால் சானடோரியம் இல்லாமலேயே சிலர் பிழைத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். உடம்பின் எதிர்ப்பு சக்தி ஜெயித்தால் ஆள் பிழைப்பார், கிருமி ஜெயித்தால் போய்விடுவார். டாக்டர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிற நிலைமைதான்.

நம்ம புதுமைப்பித்தன் 1948-ல் காசநோயால் இறந்தார். நாற்பத்தி இரண்டு வயது. அதே 1948-ல்தான் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி காசநோய்க்கு வேலை செய்கிறது என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு தன் ஆய்வை வெளியிட்டது. ஊசி போட்ட 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4. படுக்கையில் ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் இறந்தவர்கள் 14. வயிறு எரியத்தான் செய்யும், என்ன செய்வது.

ஆனா அந்த சந்தோஷமும் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து அதே நோயாளிகளைத் திரும்பக் கணக்கெடுத்தால், இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. காரணம், ஒரே ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அதைத் தாங்கிப் பிழைத்த கிருமிகள் பெருகிவிடுகின்றன. அதன்பிறகு அந்த மருந்து எடுபடாது. இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் இந்தத் தப்பித்தல் பெருமளவு தடுக்கப்படுகிறது என்பதைக் கண்டுபிடித்தார்கள். பிஏஎஸ் என்ற மருந்து ஏற்கனவே இருந்தது. 1952-ல் ஐசோனியசிட் வந்தது. விலை மலிவு, வாயால் விழுங்கும் மாத்திரை, வீரியமும் அதிகம்.

ஆக 1950-களின் நடுவில் கையில் மருந்து இருக்கிறது. அடுத்து வந்ததுதான் உண்மையான தலைவலி.

மேற்கத்திய நாடுகளில் மருந்து வந்தபிறகும் நோயாளியை சானடோரியத்தில் படுக்க வைத்துத்தான் மருந்து கொடுத்தார்கள். சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் மாத்திரை மட்டும் எப்படி வேலை செய்யும் என்பது அவர்களின் நம்பிக்கை. இந்தியாவில் 1955-லிருந்து 1958 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், ஆயிரத்துக்கு சுமார் 4 பேருக்கு சளியில் காசநோய்க் கிருமி இருப்பது தெரிந்தது. நாடு முழுக்கக் கணக்குப் போட்டால் பதினைந்து லட்சம் பேர். படுக்கைகளோ சில பத்தாயிரங்களில்தான். ஒரு நோயாளி ஒரு வருஷம் படுக்கையைப் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் எங்கே போவது? "சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும்" என்று சொன்னால், பெரும்பாலான இந்தியர்களுக்கு வைத்தியமே கிடையாது என்றுதான் அதற்கு அர்த்தம்.

சரி, வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால்? அதற்கு மூன்று ஆட்சேபணை வந்தது.

சாப்பாட்டுக்கே வழியில்லாதவருக்கு மாத்திரை வேலை செய்யாது என்பது ஒன்று. வீட்டில் இருக்கிற குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் நோய் ஒட்டிவிடும் என்பது இன்னொன்று. மூன்றாவது ஆட்சேபணையைச் சிலர் நாகரிகமாகச் சொன்னார்கள், சிலர் அப்பட்டமாகவே சொன்னார்கள்: படிக்காத ஏழை மனுஷன் ஒரு வருஷம் ஒழுங்காக மாத்திரை போடமாட்டான்.

இதை வாதம் பண்ணித் தீர்க்க முடியாது, செய்துதான் பார்க்கணும். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நாலும் சேர்ந்து மெட்ராஸில் காசநோய் மருந்து சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அஞ்சு வருஷத் திட்டமாக ஆரம்பித்தது. தலைமைக்கு வந்தவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர். அவரோடு வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம்மூர் டாக்டர்கள், நர்சுகள், ஹெல்த் விசிட்டர்கள், லேப் ஆட்கள்.

ஆய்வு எளிமையானது. நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து சளியில் கிருமி உள்ள காசநோயாளிகளை எடுத்தார்கள், இருநூறுக்குச் சற்றுக் குறைவு. யார் சானடோரியம், யார் வீடு என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை. கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கல் மாதிரிதான். இது முக்கியம். டாக்டரிடம் விட்டால் அவர் பாவப்பட்ட கேஸை எல்லாம் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார், அப்புறம் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஐசோனியசிட்டும் பிஏஎஸ்ஸும், ஒரு வருஷம்.

பிஏஎஸ் பற்றி ஒரு வார்த்தை. இன்னைக்கு "டாக்டர், மாத்திரை பெருசா இருக்கு, முழுங்க முடியல"ன்னு சொல்றவங்க கவனிக்க. அது நாளுக்கு 10 கிராம் அளவுக்குப் போட வேண்டிய மருந்து. குமட்டும், வயிற்றைக் கலக்கும். அதை ஒரு வருஷம் தினமும்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு, பக்கத்திலேயே நர்ஸ். வீட்டில் இருந்தவர்களுக்குப் பழைய நெருக்கடியான வீடு, பழைய அரைவயிற்றுச் சாப்பாடு. உடல் உழைப்பும் சானடோரியக்காரர்களைவிட அதிகம்.

வருஷக் கடைசியில் ரிசல்ட்: சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86 சதவீதம்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடியதும் அதிகம், சந்தேகமே இல்லை. ஆனால் அரைவயிறு சாப்பிட்டு, நெரிசலான வீட்டில் படுத்து, மாத்திரை மட்டும் விழுங்கியவர்கள் அந்த அளவுக்கு வருவார்கள் என்று அதுவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்து குடும்பத்தில் ஒட்டுமா என்ற கேள்வி. இரண்டு பிரிவு நோயாளிகளின் வீட்டு ஆட்களையும் அஞ்சு வருஷம் விடாமல் பரிசோதித்தார்கள். நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் நோய் அதிகமாகவில்லை. ஏன்னு யோசிச்சா ஆச்சரியமில்லை. ஒருவர் மாதக்கணக்கில் இருமி, "சாதாரண சளிதான்"னு விட்டு, கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே வீட்டில் ஒட்ட வேண்டியது பெரும்பாலும் ஒட்டி முடிந்திருக்கும். சரியான மருந்து ஆரம்பித்ததும் பரப்பும் தன்மை வேகமாகக் குறைந்துவிடுகிறது. ஆபத்து கண்டுபிடிக்கப்படாத நோயாளியிடம்தான் இருக்கிறது.

இன்னைக்கும் என் ஓபியில் காசநோய்னு சொன்ன அடுத்த நிமிஷம் கூட வந்தவர் கேட்பது, "தட்டு டம்ளர் தனியா வைக்கணுமா டாக்டர்?" வேண்டாம்மா. இது காற்றில் பரவும் நோய், தட்டில் பரவாது. ஜன்னலைத் திறந்து வையுங்க, இருமும்போது வாயை மூடச் சொல்லுங்க, வீட்டில் எல்லாரும் வந்து டெஸ்ட் எடுத்துக்கோங்க. பாத்திரத்தைப் பிரித்து வைத்தால் மனுஷனைப் பிரித்து வைத்த மாதிரிதான் ஆகும்.

இந்த ஆய்வு 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. அதன்பிறகு காலப்போக்கில் உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன, அல்லது பொது ஆஸ்பத்திரிகளாக மாறின. ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததிலிருந்தே அந்தத் திசையில்தான் காற்று அடித்தது. அதற்குக் கெட்டியான ஆதாரம் கொடுத்தது மெட்ராஸ். 1962-ல் தொடங்கிய இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டம் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை என்ற அடிப்படையில்தான் அமைந்தது.

பள்ளிப் பாடத்தில் போட்டால் கதை இங்கேயே முடிந்துவிடும். எனக்கு இதற்கு அடுத்த பகுதிதான் முக்கியமாகப் படுகிறது.

வீட்டில் இருந்த அந்த 86 சதவீதம் பேர் எப்படி குணமானார்கள்? மாத்திரையைக் கையில் கொடுத்து "போய்ட்டு வாங்க"ன்னு அனுப்பியதால் இல்லை. நோயாளி மையத்துக்குத் தவறாமல் வந்து மருந்து வாங்க வேண்டும். ஹெல்த் விசிட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போவார்கள். மீதி எத்தனை மருந்து இருக்கிறது என்று எண்ணுவார்கள். சிறுநீர் வாங்கி, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சோதிப்பார்கள். வராதவரைத் தேடிப் போவார்கள்.

ஃபாக்ஸ் 1958-லேயே, நோயாளிகள் தாங்களாக மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கல் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். மருந்தை மறப்பது படிக்காதவர்களின் குறை இல்லை. எல்லா மனுஷருக்கும் பொது. இருமல் நின்றதும், எடை கூடியதும், மாத்திரை மறந்துவிடும். நீங்களே சொல்லுங்க, அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தா மூணாவது நாள் காய்ச்சல் விட்டதும் மீதியை டிராயரில் போடாதவர் எத்தனை பேர்?

அதனால் மெட்ராஸ் குழு அடுத்த கட்டத்துக்குப் போனது. தினமும் வீட்டில் போடுவதற்குப் பதிலாக, வாரம் இரண்டு முறை வந்து ஊழியர் கண் முன்னால் ஊசியும் ஐசோனியசிட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? 1964-ல் முடிவு வெளியானது. தினமும் வீட்டில் மருந்து எடுத்தவர்களைவிடப் பலன் குறையவில்லை, சொல்லப்போனால் சற்று மேல். 1990-களில் "டாட்ஸ்" என்ற பெயரில் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் கொண்டுபோன திட்டத்தில், கண் முன்னால் மருந்து கொடுப்பது என்ற பகுதிக்கு வேர் இங்கே இருக்கிறது.

இடையில் நாம் என்ன செய்தோம்? ஆய்விலிருந்து "வீட்டுக்கு அனுப்பலாம்" என்ற பாதியை எடுத்துக்கொண்டோம். "தேடிப்போய் எண்ணிப் பார்க்கணும்" என்ற மறுபாதிக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. முதல் பாதி செலவைக் குறைக்கும், மறுபாதி செலவு வைக்கும். எந்த ஃபைல் வேகமாக நகரும்னு அரசுப் பணியில் இருக்கிறவங்களுக்குத் தெரியும். முப்பது வருஷம் கழித்து 1992-ல் திட்டத்தை மறு ஆய்வு செய்தபோது, சிகிச்சையை முழுசாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு. பாதியில் விட்டவர்களிடம் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும். 1997-ல் திருத்தப்பட்ட திட்டம் வந்தபிறகுதான் நிலைமை தேறியது.

இரண்டாவது தவறான புரிதல் சாப்பாடு பற்றியது. "காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லைன்னு மெட்ராஸ்லயே நிரூபிச்சுட்டாங்க" என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஆய்வு சொன்னது அதுவல்ல. சரியான மருந்தை ஒழுங்காக எடுத்தால், சாப்பாடு மோசமாக இருந்தாலும் சளியிலிருந்து கிருமி போகும் என்றது. யாருக்கு நோய் வருகிறது, யார் முதல் இரண்டு மாதத்தில் இறக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு பதில் சொன்னது. 2023-ல் வெளியானது. காசநோயாளிகளின் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு பிரிவில் குடும்பத்துக்கே அரிசி, பருப்பு, பால் பவுடர், சத்து மாத்திரை கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாவு வெகுவாகக் குறைந்திருந்தது. மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் அது வேலை செய்து முடிக்கும்வரை ஆள் உயிரோடு இருக்க உடம்பில் தெம்பு வேணும். இப்போ காசநோயாளிகளுக்கு சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 2018-ல் 500 ஆக ஆரம்பித்தது. அக்கவுண்ட் விவரம் கொடுக்காதவங்க கொடுங்க, உங்க காசு அது.

படுக்கையே தேவையில்லையா என்றால் அதற்கும் தமிழ்நாடு ஒரு பதில் வைத்திருக்கிறது. 2022-ல் இங்கே தொடங்கிய திட்டத்தின் பெயர் "காசநோய் இறப்பில்லாத் திட்டம்". நோய் என்று தெரிந்த உடனே மூன்று விஷயம் பார்க்கிறோம். எடையும் உயரமும் அளந்து, ஆள் எவ்வளவு மெலிந்திருக்கிறார், காலில் வீக்கம் இருக்கா. மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போயிருக்கா. பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியுதா. இதற்கு ஸ்கேன் வேண்டாம், பெரிய லேப் வேண்டாம். எடை மெஷின், உயரம் அளக்க டேப், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போதும், ஸ்டாஃப் நர்ஸ் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவார். இதில் மோசமாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்பாமல் அட்மிட் பண்ணுகிறோம். மற்றவர்கள் வீட்டிலேயே. 1959-ன் முடிவை இது தப்பென்று சொல்லவில்லை. அந்த முடிவு யாருக்குப் பொருந்தாது என்பதைப் பிரித்துச் சொல்கிறது.

கடைசியாக, மருந்துக் கடைகள். இதைச் சொல்லாமல் காசநோய்க் கதை முழுமையாகாது.

அந்தக் காலத்தில் வீடு தேடிப்போய் மாத்திரை எண்ணிய ஹெல்த் விசிட்டர் செய்தது என்ன வேலை? பாதி, ஒரு நல்ல பார்மசிஸ்ட் செய்யும் வேலை. இன்று நம்மூரில் இருமல் வந்தவர் முதலில் போவது டாக்டரிடம் அல்ல, தெருமுனை மெடிக்கலுக்கு. அங்கே என்ன நடக்கிறது என்பது நோயாளியின் தலையெழுத்தையே மாற்றும். "ரெண்டு வாரமா இருமல், ஏதாச்சும் குடுங்க" என்று கேட்பவருக்கு லெவோஃப்ளாக்சசின் ஐந்து மாத்திரையை வெட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்? அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும் மருந்து. இருமல் கொஞ்சம் குறையும், டெஸ்ட்டில் கிருமி தப்பிக்கும், ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி ஆரம்பிக்கும். 1948-ல் ஒற்றை மருந்து கொடுத்து நாம் படித்த அதே பாடம், எழுபது எண்பது வருஷம் கழித்துக் கடைக் கவுண்டரில்.

சட்டம் இல்லாமல் இல்லை. காசநோய் மருந்துகளும் இந்த வகை ஆன்டிபயாடிக்குகளும் 2014 முதல் அட்டவணை ஹெச்1-ல் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். காசநோய் மருந்து விற்கும் கடைக்காரர் நோயாளி விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2018 அறிவிக்கையும் சொல்கிறது. இதைச் சரியாகச் செய்கிற மருந்தாளுநர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சீட்டைப் பார்த்து, "போன மாசம் வாங்க வரலையே, ஏன்?" என்று கேட்பார்கள். டாக்டர் கேட்பதைவிட அந்தக் கேள்விக்கு நோயாளி உண்மையான பதில் சொல்வார் என்பது என் அனுபவம். எங்களிடம் திட்டு விழும் என்று பயம்.

வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், சளியில் ரத்தம் இருந்தால் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளி டெஸ்ட் இலவசம். மருந்தும் இலவசம். மருந்து ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு கலரில் போகும், அது ரிஃபாம்பிசினால் வருவது, பயந்து நிறுத்திடாதீங்க. கண் மஞ்சளானாலோ விடாமல் வாந்தி வந்தாலோ மட்டும் உடனே வந்து காட்டுங்க, அடுத்த விசிட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். சந்தேகம் கேட்க நிக்ஷய் உதவி எண் 1800-11-6666, கட்டணம் கிடையாது.